160 கி.மீ. வேகம் சரி... ஸ்டேஷன் எங்கே வரும்? – ஆர்.ஆர்.டி.எஸ். ரயிலும் தமிழ்நாட்டின் 3 தடங்களும்

சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். வேலூருக்கு ஒன்றரை மணி நேரம். கோவையிலிருந்து சேலத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்.ஆர்.டி.எஸ். எனப்படும் மண்டல விரைவு ரயில் தமிழ்நாட்டுக்கு வந்து, டெல்லியில் திட்டமிட்டதுபோல் சராசரியாக 100 கி.மீ. வேகத்தில் ஓடினால் கிடைக்கக்கூடிய பயண நேரம் இது.

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த தமிழ்நாடு பட்ஜெட்டில், மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் செல்லும் இந்த ரயிலுக்கான சாத்தியக்கூறு ஆய்வு அறிவிக்கப்பட்டது. தடங்கள் மூன்று: சென்னை – செங்கல்பட்டு – திண்டிவனம் – விழுப்புரம் (167 கி.மீ.), சென்னை – காஞ்சிபுரம் – வேலூர் (140 கி.மீ.), கோவை – திருப்பூர் – ஈரோடு – சேலம் (185 கி.மீ.).

அறிவிப்பில் எல்லோர் கண்ணிலும் பட்டது 160 என்ற எண்தான். ஆனால், இதுபோன்ற ரயில் ஓடும் ஊர்களின் அனுபவம் வேறு ஒன்றைச் சொல்கிறது. ரயிலில் கூட்டம் ஏறுமா, காற்று வாங்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஸ்டேஷன் அமையும் இடம், அங்கே போய்ச் சேரும் வழி, டிக்கெட் விலை ஆகிய மூன்றும்தான். எப்படி? பார்ப்போம்.

ஆர்.ஆர்.டி.எஸ். என்றால் என்ன?

மெட்ரோ ரயில் ஒரு நகரத்துக்குள் ஓடுவது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். சென்னை மெட்ரோவின் அதிகபட்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. புறநகர் மின்சார ரயிலும் அப்படித்தான், அடிக்கடி நின்று நின்று போகும்.

வந்தே பாரத் நீண்ட தூர ரயில். முன்பதிவு செய்துதான் ஏற வேண்டும். சென்னை – கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரலில் தொடங்கியபோது சுமார் 495 கி.மீ. தூரத்தை 5 மணி 50 நிமிடத்தில் கடந்தது. சராசரி வேகம் மணிக்கு 85 கி.மீ.

புல்லட் ரயில் இன்னொரு எல்லை. மும்பை – அகமதாபாத் தடத்தில் 508 கி.மீ. தூரத்துக்கு 12 ஸ்டேஷன்கள், 320 கி.மீ. வேகம். உலக அளவில் புதிய தடங்களில் 250 கி.மீ. அல்லது அதற்கு மேல் ஓடினால்தான் 'அதிவேக ரயில்' என்பார்கள். அந்த அளவுகோலில் ஆர்.ஆர்.டி.எஸ். மித அதிவேகம்தான்.

இவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் ஆர்.ஆர்.டி.எஸ். நிரப்புகிறது. 5 முதல் 10 கி.மீ. இடைவெளியில் ஸ்டேஷன், முன்பதிவு கிடையாது, மெட்ரோ போல சில நிமிடங்களுக்கு ஒரு ரயில். பெருநகரத்தையும் அதைச் சுற்றி 50 முதல் 150 கி.மீ. தொலைவில் இருக்கும் ஊர்களையும் இணைப்பது நோக்கம். பக்கத்து ஊரில் வீட்டை வைத்துக்கொண்டு தினமும் பெருநகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கான ரயில் என்று சொல்லலாம்.

இருக்கிற தண்டவாளத்திலேயே ஓட்டினால் என்ன?

நியாயமான கேள்வி. தாம்பரம் – செங்கல்பட்டு பாதையை எடுத்துக்கொள்வோம். தென் மாவட்டங்களுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் ரயில்கள், சரக்கு ரயில்கள், எல்லா ஊரிலும் நிற்கும் மின்சார ரயில்கள் என அத்தனையும் அங்கேதான் ஓடுகின்றன. ஒற்றைவழிச் சாலையில் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிய கார் மாதிரிதான் வேகமான ரயிலின் கதி. முன்னால் போவது ஒதுங்கினால்தான் பின்னால் வருவது வேகம் எடுக்க முடியும். வெவ்வேறு வேகத்தில் ஓடும் ரயில்கள் ஒரே தடத்தில் கலக்கும்போது, ஒரு மணி நேரத்தில் விடக்கூடிய ரயில்களின் எண்ணிக்கையும் குறைந்துவிடும்.

அதனால்தான் தனித்தடம். டெல்லியில் அது அகலப்பாதையும் அல்ல. இந்திய ரயில்வேயின் அகலப்பாதை 1,676 மி.மீ.; டெல்லி – மீரட் தடம் மெட்ரோக்கள் பயன்படுத்தும் 1,435 மி.மீ. 'ஸ்டாண்டர்டு கேஜ்'. தமிழ்நாடும் அதே மாதிரியைப் பின்பற்றினால், இந்த ரயில் எழும்பூருக்கோ சென்ட்ரலுக்கோ இருக்கும் தண்டவாளத்தில் நுழைய முடியாது. நகரத்தின் உள்ளே வரைக்கும் புதிதாகப் பாதை போட்டாக வேண்டும். செலவும் சிக்கலும் ஆரம்பிப்பது இங்கேதான்.

டெல்லி – மீரட்: முதல் பாடம்

இந்தியாவின் முதல் ஆர்.ஆர்.டி.எஸ். தடம் டெல்லி – காசியாபாத் – மீரட். மொத்த நீளம் 82 கி.மீ., மதிப்பீடு ரூ.30,274 கோடி. கட்டுவது என்.சி.ஆர்.டி.சி. என்ற நிறுவனம். 2013-ல் தொடங்கப்பட்ட இதில் மத்திய அரசுக்கு 50 சதவீதப் பங்கு. டெல்லி, உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் ஆகிய நான்குக்கும் தலா 12.5 சதவீதம். ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்ட பன்னாட்டு வங்கிகள் கடன் கொடுத்தன.

2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 2023 அக்டோபரில் சாஹிபாபாத் – துஹாய் டிப்போ இடையே முதல் 17 கி.மீ. திறக்கப்பட்டது. 'நமோ பாரத்' என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. 2025 ஜனவரி 5-ல் நியூ அசோக் நகர் முதல் மீரட் சவுத் வரை 55 கி.மீ. ஓடத் தொடங்கியது.

இந்த ரயில் 180 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது. ஓட்டும் உச்ச வேகம் 160. திட்டமிட்ட சராசரி 100. உச்ச வேகத்துக்கும் சராசரிக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? 160-ல் வரும் ரயில் பிரேக் போட்டு, நின்று, ஆள் ஏற்றி, மறுபடி வேகம் பிடிக்க ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் இழக்கிறது. "எங்க ஊர்லயும் நிக்கணும்" என்று வழியில் இருக்கும் பத்து ஊர்கள் கேட்டு, பத்து ஸ்டேஷன் கூடினால் பத்துப் பதினைந்து நிமிடம் காலி. நிறுத்தம் கேட்பது அந்த ஊர்க்காரர்களின் உரிமை. ஆனால், எல்லா ஊரிலும் நின்றால் அது இன்னொரு மின்சார ரயில்தான்.

வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை

இப்போது ஒரு சின்னக் கணக்கு. செங்கல்பட்டில் வீடு, 60 கி.மீ. தள்ளி சென்னை நகருக்குள் வேலை என்று வைத்துக்கொள்வோம். சராசரி 100 கி.மீ. வேகத்தில் ரயில் பயணம் 36 நிமிடம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக 25 நிமிடம், சோதனை முடித்து, படியேறி, ரயிலுக்குக் காத்திருக்க 10 நிமிடம், இறங்கி ஆபீஸ் போய்ச் சேர 30 நிமிடம். மொத்தம் 101 நிமிடம். அதில் ரயிலுக்குள் இருந்தது மூன்றில் ஒரு பங்கு நேரம்தான்.

ரயிலின் சராசரி வேகத்தை 100-லிருந்து 120 ஆகக் கூட்டினால் மிச்சமாவது 6 நிமிடம். அதற்கு வளைவுகள், தண்டவாளம், மின்சாரம் என எல்லாவற்றிலும் செலவு ஏறும். ஸ்டேஷன் வாசலிலேயே மினி பஸ் நின்று, இறங்கும் இடத்தில் மெட்ரோவுக்கு ஒரே நடையில் மாற முடிந்தால் 15 நிமிடத்துக்கு மேல் மிச்சமாகலாம். செலவும் குறைவு. ஆனால், "மினி பஸ் விட்டோம்" என்பது எந்தத் திறப்பு விழாவிலும் பெரிய செய்தியாவதில்லை.

சியோல் கற்ற பாடம், சென்னை பார்த்த பாடம்

தென்கொரியத் தலைநகர் சியோலில் ஜி.டி.எக்ஸ். என்ற பெயரில் இதே வகை ரயில் ஓடுகிறது. உச்ச வேகம் 180 கி.மீ. அதன் முதல் பகுதி 2024 மார்ச் 30-ல் சூசோ – டோங்டான் இடையே திறக்கப்பட்டது. சூசோ இருப்பது சியோலின் தென்கிழக்கு மூலையில். நகரின் மையத்துக்குப் போகும் பகுதி அப்போது முடியவில்லை. விளைவு, எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. வேகத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால், பெரும்பாலானவர்கள் போக வேண்டிய இடத்துக்கு ரயில் போகவில்லை.

பாரிஸில் ஆர்.இ.ஆர். என்ற மண்டல ரயிலின் முதல் பகுதிகள் 1969-லும் 1970-லும் நகரின் கிழக்கிலும் மேற்கிலும் தனித்தனியாகத் திறக்கப்பட்டன. 1977-ல் நகரின் நடுவே சாட்லே – லே ஆல் என்ற பிரம்மாண்டமான நிலத்தடி ஸ்டேஷனைக் கட்டி இரண்டையும் இணைத்தார்கள். அதன் பிறகு கிழக்குப் புறநகரில் ஏறியவர் வண்டி மாறாமல் நகரைக் குறுக்கே கடந்து மேற்கே இறங்க முடிந்தது. இன்று ஐரோப்பாவின் மிக நெரிசலான ரயில் தடங்களில் அதுவும் ஒன்று.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயிலின் முதல் பகுதி 1995-ல் திறக்கப்பட்டது. வேளச்சேரிக்கு வந்து சேர்ந்தது 2007-ல். மாளிகை மாளிகையாக ஸ்டேஷன்கள் கட்டினார்கள். ஆனால், பஸ் இணைப்பு சரியாக இல்லாததால் பல ஸ்டேஷன்கள் பல ஆண்டுகள் வெறிச்சோடியே கிடந்தன. கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டபோது பக்கத்தில் ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. நள்ளிரவில் ஊரிலிருந்து வந்து இறங்கியவர்கள் நகருக்குள் போகப் பட்ட பாடு தெரிந்ததுதான்.

ஆக, தமிழ்நாட்டுத் தடத்தில் முதல் கேள்வி: சென்னையில் இந்த ரயில் எங்கிருந்து கிளம்பும்? நகரின் விளிம்பில் நிறுத்தினால் செலவு குறையும், கட்டுவது சுலபம். ஆனால், 35 நிமிடத்தில் வந்தவர் அதே அளவு நேரத்தை நகருக்குள் நுழையவே செலவிடுவார். டெல்லியில் இதற்காகவே சராய் காலே கான், ஆனந்த் விஹார் ஆகிய இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டுமே ரயில் நிலையம், பஸ் நிலையம், மெட்ரோ மூன்றும் ஏற்கெனவே கூடும் இடங்கள். மீரட்டிலும் ஊருக்கு வெளியே நிறுத்திவிடாமல், பேகம்புல் கடைவீதிப் பகுதி வரை சுரங்கம் தோண்டிக் கொண்டுபோனார்கள்.

டிக்கெட் கட்டுப்படியாகுமா?

நியூ அசோக் நகரிலிருந்து மீரட் சவுத் வரை 55 கி.மீ. பாதை திறக்கப்பட்டபோது சாதாரணப் பெட்டிக்குக் கட்டணம் ரூ.150, பிரீமியம் பெட்டிக்கு ரூ.225. கிலோமீட்டருக்கு ரூ.2.70-க்கு மேல். மாதம் 22 நாள், போக வர என்றால் ரூ.6,600.

காரிலோ டாக்ஸியிலோ போகிறவருக்கு இது லாபம். ஐ.டி. கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்குகிறவர் யோசிக்காமல் கொடுக்கலாம். ஆனால், செங்கல்பட்டிலிருந்து மாத சீசன் டிக்கெட்டில் வரும் கடை ஊழியருக்கும், கட்டுமானத் தொழிலாளிக்கும், கல்லூரி மாணவருக்கும் அப்படி அல்ல. மின்சார ரயிலில் அவர்கள் மாதம் முழுவதற்கும் செலவிடுவது இதில் ஒரு சிறு பகுதிதான். கட்டணத்தை ஏற்றினால் ரயில் காலியாக ஓடும். இறக்கினால் நஷ்டத்தை அரசு சுமக்க வேண்டும். மாணவர் சலுகையும் மாத பாஸும் உண்டா, மெட்ரோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் வருமா என்பவை பாதை போட்ட பிறகு யோசிக்கும் விஷயங்கள் அல்ல.

பணம் யாருடையது?

டெல்லி – மீரட் தடத்துக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் ரூ.368 கோடி மதிப்பிடப்பட்டது. அதே விகிதத்தில் போட்டால் விழுப்புரம் தடம் ரூ.61,500 கோடி, வேலூர் தடம் ரூ.51,500 கோடி, கொங்குத் தடம் ரூ.68,000 கோடி. மூன்றும் சேர்த்து ஏறக்குறைய ரூ.1.81 லட்சம் கோடி. இது தோராயக் கணக்கு மட்டுமே. சுரங்கம் குறைந்தால் செலவு குறையும், ஆண்டுகள் நகர்ந்தால் விலைவாசியோடு ஏறும். ஆனாலும் தொகையின் அளவு புரியும்.

இவ்வளவு பெரிய தொகை மத்திய அரசின் பங்கு இல்லாமல் நடக்காது. அந்தப் பங்கு எளிதாகவும் வராது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் (118.9 கி.மீ., ரூ.63,246 கோடி) இதற்குச் சாட்சி. 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில். அதுவரை சுமை மாநிலத்தின் தோளில்தான் இருந்தது.

ஒப்புக்கொண்ட பிறகும் சிக்கல் வரலாம். டெல்லி அரசு தன் பங்கைத் தராமல் இழுத்தடித்தபோது விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. ரூ.415 கோடியை இரண்டு மாதத்தில் கொடுக்கும்படி 2023 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போதும் பணம் வரவில்லை. விளம்பரத்துக்கு ஒதுக்கிய நிதியை எடுத்துத் திட்டத்துக்குத் திருப்பிவிடுவோம் என்று நவம்பரில் நீதிபதிகள் எச்சரிக்க நேர்ந்தது.

நிலம்... அதுதான் மெயின் பிரச்னை

கேரளத்தில் திருவனந்தபுரம் – காசர்கோடு 'சில்வர்லைன்' திட்டம் நினைவிருக்கும். சுமார் 530 கி.மீ. தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் கடக்கலாம் என்றார்கள். 2022-ல் வீட்டு வாசலில் மஞ்சள் சர்வே கற்களை நட வந்தபோது மக்கள் அவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். வீடு போகுமா, பணம் எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்ற கேள்விகளுக்குப் பதில் வருமுன் கல் வந்ததே பிரச்னை. திட்டம் முடங்கியது.

சென்னையிலும் வேளச்சேரி – பரங்கிமலை இடையே வெறும் 5 கி.மீ. பறக்கும் ரயில் நீட்டிப்பு, சில நூறு மீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றது. டெல்லியில் பெரும்பகுதிப் பாதையை நெடுஞ்சாலைகளை ஒட்டியும் அவற்றின் நடுவிலும் தூண் நட்டு உயரத்தில் கொண்டுபோனதால் நில எடுப்பு குறைந்தது. இங்கே ஜி.எஸ்.டி. சாலையில் அப்படிச் செய்யலாமா? விமான நிலையம் – கிளாம்பாக்கம் மெட்ரோவுக்கும் அதே சாலைதான் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஒரே சாலை நடுவில் இரண்டு பாதைகளுக்குத் தூண் நட முடியாது. இரண்டையும் சேர்த்து யோசித்தால்தான் உண்டு.

கொங்குத் தடம் வேறு கதை

கோவை – சேலம் தடத்தை டெல்லியோடு நேரடியாக ஒப்பிட முடியாது. டெல்லியில் காலையில் கூட்டம் ஒரு திசையில் உள்ளே வரும், மாலையில் வெளியே போகும். எதிர்த்திசை ரயில்களில் இடம் கிடக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்குமே தொழில் நகரங்கள். கோவையிலிருந்து திருப்பூருக்கும் ஆள் போவார், அங்கிருந்து இங்கும் வருவார். இரண்டு திசையிலும் ரயில் நிரம்ப வாய்ப்பு உண்டு. ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை, நகரின் மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்பதைக் காரணம் காட்டி 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. ஆனால், 2011 கணக்கெடுப்பில் சுமார் 14 லட்சம் பேர் இருந்த மீரட்டுக்கு மெட்ரோ திட்டம் கிடைத்தது. எப்படி? ஆர்.ஆர்.டி.எஸ். தண்டவாளத்திலேயே மெட்ரோவும் ஓடும்படி அங்கே வடிவமைத்தார்கள். மீரட்டுக்குள் 13 ஸ்டேஷன்கள். மெட்ரோ எல்லாவற்றிலும் நிற்கும், நமோ பாரத் நான்கில் மட்டும் நிற்கும். ஒரே முதலீட்டில் இரண்டு ரயில். கோவைக்கும் அந்த வழி பொருந்துமா என்பது ஆய்வில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பாதை ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரமாகப் போகாமல் நகருக்குள் வர வேண்டும்.

சேலத்துக்கும் இது பொருந்தும். சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். பழைய பஸ் ஸ்டாண்டு, கடைவீதிப் பகுதியிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. இந்த ரயிலும் ஊருக்கு ஒதுக்குப்புறமாக நின்றால், மிச்சமான நேரத்தை ஆட்டோவில் செலவழிக்க வேண்டியதுதான்.

அறிக்கை வரும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சாத்தியக்கூறு ஆய்வுக்குப் பிறகு விரிவான திட்ட அறிக்கை, பிறகு ஒப்புதல், நிதி, நிலம், டெண்டர் என்று வரிசை நீளும். டெல்லியில் நிறுவனம் தொடங்கியதிலிருந்து முதல் ரயில் ஓடப் பத்து ஆண்டுகள் ஆயின. இன்று 25 வயதில் செங்கல்பட்டிலோ காஞ்சிபுரத்திலோ, "ரயில் வரப்போகுது, ரேட் ஏறிடும்" என்ற பேச்சை நம்பி மனை வாங்குகிறவர்கள் இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அறிக்கை வெளியானதும் ஐந்து விஷயங்களைத் தேடலாம். பெருநகரத்துக்குள் ரயில் எதுவரை வருகிறது. மெட்ரோ, மின்சார ரயில், பஸ் ஆகியவற்றுக்கு மாற எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். எத்தனை நிறுத்தங்கள், எந்த அடிப்படையில். மாத பாஸ் விலை என்ன. மத்திய, மாநிலப் பங்கு எவ்வளவு.

'இத்தனை நிமிடத்தில் விழுப்புரம்' என்பதுதான் அன்றைக்குத் தலைப்புச் செய்தியாக இருக்கும். அறிக்கையின் உள்ளே எங்கோ ஸ்டேஷன்களின் பட்டியலும் வரைபடமும் இருக்கும். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். வேகத்தைப் பின்னாளில் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். தூண் எழுந்த பிறகு ஸ்டேஷனை நகர்த்த முடியாது.